பெரிய சொகுசு செடானை ஆட்டோகிராஸில் எந்த கிளாஸில் ஓட்டுவது?

நண்பர் ஒருவரின் தம்பி கேட்டிருக்கிறார். டெட்ராய்ட் பக்கம் வேலை பார்க்கிறார். 2001 மாடல் கறுப்பு நிற பிஎம்டபிள்யூ 740ஐ ஒன்று நல்ல நிலையில், கைக்கு அடக்கமான விலையில் அமைந்தது, வாங்கிவிட்டார். “அண்ணா, இதை வைத்து ஆட்டோகிராஸ் ஓட்ட முடியுமா? இவ்வளவு பெரிய வண்டியை உள்ளே விடுவார்களா? விட்டால் எந்த கிளாஸ்? எட்டு சிலிண்டர் வி8 என்ஜின் என்பதால் கார்வெட் போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களோடு சேர்த்துவிடுவார்களா? முதலில் ஸ்பிரிங்கை மாற்றி, அகலமான வீல் போட்டுவிட்டுப் போகட்டுமா?” இதுதான் கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால்: விடுவார்கள். அதிகம் மாற்றாத கார்களுக்கான ‘ஸ்ட்ரீட்’ என்ற பிரிவில் ஓட்டுங்கள். கார்வெட்டோடு சேர்க்க மாட்டார்கள். ஸ்பிரிங்கையும் வீலையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். கடைசியாகச் சொன்னதுதான் இந்தப் பதிலிலேயே முக்கியமானது. ஏன் என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் என்றால் பெரும்பாலும் எஸ்சிசிஏ எனப்படும் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா நடத்தும் ‘சோலோ’ போட்டிகள். 1944இல் தொடங்கிய கிளப் இது. ஒரு பெரிய பார்க்கிங் மைதானத்திலோ பழைய விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு கோன்களை அடுக்கிப் பாதை அமைப்பார்கள். ஒவ்வொரு காராகத் தனியாக ஓட வேண்டும், போட்டி கடிகாரத்தோடுதான். ஒரு ஓட்டம் ஒரு நிமிடத்துக்கு முன்பின். வேகம் மணிக்கு 60 மைலைச் சற்று தாண்டினாலே அதிகம். ஒரு கோனை இடித்தால் 2 வினாடி கூடும். இரண்டு கோன்களால் ஆன ஒரு வாயிலைத் தவறவிட்டால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. சில ஓட்டங்கள் கிடைக்கும், அவற்றில் சிறந்த நேரம்தான் உங்கள் நேரம். மற்றவர்கள் ஓடும்போது நீங்கள் வெயிலில் நின்று, விழுந்த கோன்களை எடுத்து வைக்க வேண்டும். தேசியப் போட்டி ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பரில் நெப்ராஸ்கா மாநிலம் லிங்கனில் நடக்கிறது. ஆயிரம் பேருக்கு மேல் வருவார்கள்.

உள்ளே விடுவார்களா என்ற பயம் வேண்டாம். விதிகள் தடுப்பது உயரமான வண்டிகளைத்தான். உருளும் அபாயம் உள்ள எஸ்யூவி, வேன், பிக்கப் போன்றவற்றுக்கு அகலத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் 740ஐயின் உயரம் ஏறத்தாழ 1.43 மீட்டர். இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ 1.55 மீட்டர். நீளமும் எடையும் எவ்வளவு இருந்தாலும் அகலமாகத் தாழ்ந்து உட்கார்ந்திருக்கும் செடானுக்கு இந்த விதியால் தொல்லை இல்லை.

சரி, கிளாஸுக்கு வருவோம். நம் ஊர்ப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு கிளாஸ் என்றதும் சிசி கணக்குத்தான் மனதில் வரும். இத்தனை சிசி வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் அடுத்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் 4.4 லிட்டர் வி8 எங்கேயோ உச்சியில் போய் உட்கார வேண்டும். சோலோவில் கணக்கு அப்படி இல்லை. கோன்களுக்கு நடுவே அந்தக் கார் எவ்வளவு வேகமாகப் போகக்கூடும் என்பதுதான் அளவுகோல். விலையோ, தோல் இருக்கையோ, குதிரைத்திறனோ தனியாக எதையும் தீர்மானிக்காது.

இதை எண்களோடு பார்த்தால்தான் புரியும். ஆட்டோகிராஸ் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வரும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரான மஸ்டா மியாட்டாவின் முதல் தலைமுறையை எடுத்துக்கொள்வோம். 1.6 லிட்டர், 116 குதிரைத்திறன், ஏறத்தாழ 970 கிலோ. உங்கள் 740ஐ 282 குதிரைத்திறன், 1,930 கிலோவுக்கு அருகில். டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்தால் மியாட்டாவுக்கு 120, உங்களுக்கு 146. நேர்கோட்டில் உங்கள் கார்தான் முன்னால் போகும். ஆனால் கோன்களுக்கு நடுவே, ஒரே திறமையுள்ள இருவர் ஓட்டினால், மியாட்டா வென்றுவிடும். பதில் டயரில் இருக்கிறது.

மியாட்டாவின் தொழிற்சாலை டயர் 185 மில்லிமீட்டர் அகலம். நான்கையும் கூட்டினால் 740 மில்லிமீட்டர். அதாவது ஒரு கிலோ எடைக்கு முக்கால் மில்லிமீட்டர் டயர். ஸ்போர்ட் பேக்கேஜ் என்ற தொழிற்சாலைக் கூடுதல் தொகுப்போடு வந்த 740ஐயில் முன்னால் 235, பின்னால் 255. நான்குக்கும் சேர்த்து 980. ஒரு கிலோவுக்கு அரை மில்லிமீட்டர்தான் தேறும். டயருக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் மேல் ஏறும் பாரம் இரண்டு மடங்கானால் பிடிமானம் இரண்டு மடங்காகாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். கனமான காருக்கு இது இரட்டை அடி.

அடுத்தது நீளம். உங்கள் காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.93 மீட்டர், மியாட்டாவில் 2.27. பத்து மீட்டர் ஆரம் உள்ள ஒரு திருப்பத்தில், முன்சக்கரம் போன தடத்திலிருந்து பின்சக்கரம் எவ்வளவு உள்ளே வெட்டுகிறது என்று கணக்கிட்டால் மியாட்டாவுக்கு ஏறத்தாழ 26 சென்டிமீட்டர், 740ஐக்கு 44 சென்டிமீட்டர். இந்த 18 சென்டிமீட்டர் வித்தியாசம் காகிதத்தில் சிறியது, ஓடுதளத்தில் பெரியது. நான் முதலில் ஓட்டியது லெக்சஸ் எல்எஸ் 400, அதுவும் பெரிய சொகுசு செடான்தான். முதல் நாள் மூன்று ஓட்டங்களிலும் கோன் அடித்தேன். ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. முன் பம்பர் கோனை அழகாகத் தாண்டிப் போய்விட்டது. பின் கதவுக்குக் கீழே ‘டப்’ என்று ஒரு சத்தம், கண்ணாடியில் பார்த்தால் கோன் உருண்டுகொண்டிருக்கிறது. சாயங்காலம் பார்த்தபோது பின் கதவின் அடிப்பகுதியில் ஆரஞ்சுத் தடங்கள் வரிசையாக இருந்தன. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் போய்விடும், கவலைப்பட வேண்டாம். அன்றைக்கு அனுபவமுள்ள ஒருவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொன்ன பாடம் இன்றும் நினைவில் இருக்கிறது: “கோனை மூக்கால் தாண்டாதே, பின்சக்கரத்தால் தாண்டு.”

ஸ்லாலமில், அதாவது வரிசையாக நிற்கும் கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பகுதியில், அகலமும் சேர்ந்துகொள்ளும். விதிப்படி ஸ்லாலம் கோன்களுக்கு இடையே குறைந்தது 45 அடி, அதாவது 13.7 மீட்டர் இருக்க வேண்டும். அந்தக் குறைந்தபட்ச இடைவெளியில், கோனிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். கார் அகலமாக இருப்பதால் மட்டுமே 740ஐ மியாட்டாவைவிட ஏறத்தாழ 4 சதவீதம் மெதுவாகப் போக வேண்டியிருக்கிறது. டயரும் எடையும் இந்தக் கணக்கில் இல்லை, வெறும் அகலம்தான். ஐந்து வினாடி ஸ்லாலம் என்றால் 0.2 வினாடி அதிலேயே போய்விட்டது. தேசியப் போட்டியில் கோப்பைகள் இதைவிடச் சிறிய வித்தியாசத்தில் கைமாறியிருக்கின்றன.

இதனால்தான் விதி எழுதுபவர்கள் 740ஐயைக் கார்வெட்டோடு சேர்ப்பதில்லை. ஸ்ட்ரீட் பிரிவில் சூப்பர் ஸ்ட்ரீட்டிலிருந்து தொடங்கி ஏ, பி, சி என்று எச் ஸ்ட்ரீட் வரை இறங்கும் கிளாஸ்கள் உண்டு. மேலே கார்வெட், போர்ஷா வகை. பழைய மியாட்டாக்கள் நெடுங்காலமாக ஈ ஸ்ட்ரீட்டில். எச் ஸ்ட்ரீட்டில் சிறிய சிக்கனக் கார்கள். எஃப் ஸ்ட்ரீட் என்பது மஸ்டாங் ஜிடி, கமாரோ போன்ற கனமான, பின்சக்கர இயக்க வி8 கார்களின் இடம். பெரிய என்ஜின் வைத்த ஐரோப்பிய செடான்களுக்கும் வழக்கமான வீடு அதுதான். எழுத்து வரிசையைப் பார்த்து எஃப் கிளாஸ் ஈ கிளாஸைவிட மெதுவானது என்று நினைத்துவிடாதீர்கள். எஃப் என்பது வேறொரு வகைக் காருக்கான அறை, அவ்வளவே.

உங்கள் காரின் துல்லியமான இடத்தைப் பார்க்க விதிப்புத்தகத்தின் பின்னிணைப்பு ஏ பகுதியைத் திறக்க வேண்டும். தயாரிப்பாளர் பெயர், மாடல், ஆண்டு என்று பட்டியல் இருக்கும். பிஎம்டபிள்யூ பகுதியில் 7 சீரிஸ் வரியைத் தேடுங்கள். பெயர் சொல்லாத கார்களுக்கு ‘வேறெங்கும் வகைப்படுத்தப்படாதவை’ என்ற பொருளில் என்ஓசி என மூன்றெழுத்துப் போட்டு ஒரு பொது வரி இருக்கும். அதிகம் விற்காத, ஆட்டோகிராஸுக்கு யாரும் கொண்டுவராத சொகுசுக் கார்கள் பல இந்தப் பொது வரியில்தான் வந்து விழுகின்றன. அந்த ஆண்டின் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். கிளாஸ்கள் ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன. ஐந்து வருடத்துக்கு முன் யாரோ சொன்னதை நம்பிப் பதிவு செய்தால் அங்கே போய் எழுத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

இனி ஸ்ட்ரீட் பிரிவில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது. சொகுசுக் கார் வைத்திருப்பவர்கள் தெரியாமல் தடுக்கி விழும் இடம் இது.

செய்யக்கூடியவை: தேய்மான எண் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டும் எண்) 200 அல்லது அதற்கு மேல் உள்ள சாலை டயர், எந்த அளவு வேண்டுமானாலும், உடலை வெட்டாமல் பொருந்தினால் போதும். ஷாக் அப்சார்பரை மாற்றலாம். முன்னால் அல்லது பின்னால், ஏதாவது ஒரு ஸ்வே பாரை, அதாவது கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பியை, மாற்றலாம். பிரேக் பேட் எதுவும் போடலாம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சைலன்சர் குழாயை மாற்றலாம். வீலின் விட்டம் ஒரு அங்குலம் கூடலாம் அல்லது குறையலாம், ஆனால் அகலம் தொழிற்சாலை அகலமாகவே இருக்க வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, கருவிகளை எடுத்துவிடலாம். ஏறத்தாழ இவ்வளவுதான். ஸ்பிரிங் கூடாது. ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழல்வதைத் தடுக்கும் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் சேர்க்கக்கூடாது. பின் இருக்கையைக் கழற்றி எடை குறைக்கக்கூடாது. என்ஜின் கணினியில் கை வைக்கக்கூடாது.

இப்போது சொகுசுக் கார்களுக்கே உரிய சிக்கலைப் பாருங்கள். பழைய மெர்சிடஸ் எஸ் கிளாஸில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் இருக்கும். அது பழுதானால் செலவு தாங்காது என்று முந்தைய சொந்தக்காரர் சாதாரண சுருள் ஸ்பிரிங் கிட் ஒன்றைப் போட்டு விற்றிருப்பார். வாங்கியவருக்கு அது தெரியவே தெரியாது, அல்லது ‘ரிப்பேர் செய்த கார்’ என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஸ்ட்ரீட் விதிப்படி அது ஸ்பிரிங் மாற்றம். கார் ஒரு துளிகூட வேகமாகவில்லை, ஒருவேளை மோசமாகக்கூட ஆகியிருக்கும். ஆனாலும் அது ஸ்ட்ரீட் பிரிவுக்கு வெளியே போய்விட்டது. எலெக்ட்ரானிக் ஷாக் அப்சார்பர் விஷயத்தில் விதி இரக்கமானது. தொழிற்சாலையிலிருந்து மின்னணு ஷாக்கோடு வந்த காரில் சாதாரண ஷாக்கைப் போட்டுக்கொள்ளலாம். சாதாரண ஷாக்கோடு வந்த காரில் மின்னணு ஷாக் போடத்தான் தடை. ஆக, பயன்படுத்திய கார் வாங்கியவர் முதலில் காரை லிஃப்டில் ஏற்றி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் 740ஐ சாதாரண வகையா, ஸ்போர்ட் பேக்கேஜா என்பதும் முக்கியம். இரண்டுக்கும் வீல் அகலம் வேறு, சஸ்பென்ஷன் வேறு, பின் அச்சின் கியர் விகிதம்கூட வேறு. சாதாரண வகையில் ஸ்போர்ட் வீலை மட்டும் மாட்டினால் பார்க்க அழகாக இருக்கும், எல்லாம் அசல் பிஎம்டபிள்யூ பாகம்தான், இருந்தும் ஸ்ட்ரீட் பிரிவில் செல்லாது. அகலம் அந்தக் காரோடு வந்த அகலம் இல்லையே. ஒரு பேக்கேஜிலிருந்து இன்னொன்றுக்கு மாற விதி அனுமதிக்கிறது, ஆனால் அதே மாடல் ஆண்டுக்குள், ஒன்று விடாமல் முழுமையாக மாற வேண்டும். ஸ்பிரிங், ஷாக், பார், வீல், கியர் விகிதம் எல்லாம் வர வேண்டும். பாதி மாற்றம் என்பது மாற்றமே இல்லாததைவிட மோசம். எனவே காரின் அடையாள எண்ணான விஐஎன் எண்ணை வைத்து அது எந்தெந்த ஆப்ஷனோடு தொழிற்சாலையை விட்டு வந்தது என்று எடுத்து, அச்சிட்டு, டேஷ்போர்டு பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஸ்பிரிங்கையும் வீலையும் மாற்றினால்தான் என்ன ஆகிவிடும்? கிளாஸ் தாவும், அதுதான் ஆகும். ஸ்பிரிங், அகலமான வீல், ஏர் இன்டேக், கணினி ட்யூன் எல்லாவற்றுக்கும் இடம் தரும் பிரிவு ஸ்ட்ரீட் டூரிங். ஆனால் அங்கே என்ஜின் அளவு, டயர் அகலம், வீல் அகலம் என்று ஒவ்வொரு கிளாஸுக்கும் வரம்புகள் உண்டு. பெரிய வி8 வைத்த 1,900 கிலோ காருக்கு அந்த வரம்புகள் பாதகமாகவே முடியும். சிறிய காருக்குத் தாராளமாக இருக்கும் டயர் அகலம் உங்கள் காருக்குப் போதாது. அதைத் தாண்டினால் ஸ்ட்ரீட் பிரிப்பேர்ட், ஸ்ட்ரீட் மாடிஃபைட். அங்கே எதிரே நிற்பவை எடை குறைத்து, என்ஜின் மாற்றி, பல ஆண்டுகளாகச் செதுக்கிய கார்கள். 400 டாலர் ஸ்பிரிங் செட் ஒன்று உங்களை மஸ்டாங் ஜிடி பக்கத்திலிருந்து எடுத்து அவர்கள் நடுவே நிறுத்திவிடும். உங்கள் நேரம் ஒருவேளை அரை வினாடி குறையும். எதிரிகளின் நேரம் நான்கு வினாடி குறைந்திருக்கும்.

நல்ல கார்களை இப்படிக் கெடுத்துக்கொண்ட பலரைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஸ்ட்ரீட் பிரிவின் விதிகள் உங்கள் கையைக் கட்டுகின்றன என்று தோன்றும். உண்மையில் அவை எதிரே இருப்பவரின் கையைத்தான் கட்டுகின்றன. அதனால்தான் கனமான செடானுக்கு அங்கே ஒரு நியாயமான இடம் இருக்கிறது.

ஒரு விலக்கு உண்டு. உங்கள் கார் அமெரிக்கக் காராக இருந்தால் கதை மாறும். கிளாசிக் அமெரிக்கன் மசிள், சுருக்கமாக கேம் என்று ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. முன்னால் என்ஜின், பின்சக்கர இயக்கம், அமெரிக்க பிராண்ட். இதில் கேம்-சி என்ற கிளாஸில் கேடிலாக் சிடிஎஸ்-வி, டாட்ஜ் சார்ஜர், செவ்ரோலெட் எஸ்எஸ் போன்ற நாலு கதவு வண்டிகளும் வரலாம். மாற்றங்களுக்குச் சுதந்திரம் மிக அதிகம். ஸ்பிரிங், அகலமான வீல், என்ஜின் வேலை எல்லாம் செய்யலாம், 200 டயர் மட்டும் கட்டாயம். குறைந்தபட்ச எடை விதியும் இருப்பதால் கனமான கார் ரொம்பவும் பின்தங்காது. கேடிலாக் வைத்திருக்கும் யாராவது இதே கேள்வியைக் கேட்டால் என் பதில் வேறாக இருக்கும்: மாற்ற ஆசை இருந்தால் மாற்றிவிட்டு கேம்-சிக்குப் போங்கள். ஜெர்மன், ஜப்பானிய, பிரிட்டிஷ் சொகுசுக் கார்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

உள்ளூர் போட்டியில் எஃப் ஸ்ட்ரீட்டில் நீங்கள் ஒருவரே நிற்கும் நாளும் வரும். அப்போது யாரோடு ஒப்பிடுவது? அதற்குத்தான் பாக்ஸ் எண். ரிக் ரூத் என்பவர் நாடு முழுவதும் நடந்த போட்டி முடிவுகளை வைத்து ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு பெருக்கெண் கணித்து வெளியிடுகிறார். உங்கள் நேரத்தை அந்த எண்ணால் பெருக்கினால் வெவ்வேறு கிளாஸ் கார்களை ஒரே தராசில் வைக்கலாம். கணக்குப் புரிவதற்காக எஃப் ஸ்ட்ரீட்டுக்கு 0.80, எச் ஸ்ட்ரீட்டுக்கு 0.78 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 52 வினாடியில் முடித்தால் 41.60. ஒரு சிறிய ஹோண்டா எச் ஸ்ட்ரீட்டில் 53.5 வினாடியில் முடித்தால் 41.73. நீங்கள் முன்னால். ஹோண்டா 53.2 எடுத்தால் 41.50, அவர் முன்னால். பல கிளப்புகளில் புதியவர்களுக்கென்று தனி கிளாஸ் வைத்து, அதற்குள் இந்தப் பெருக்கெண்ணைப் போட்டு வரிசைப்படுத்துவார்கள். முதல் வருடம் அதில் சேருங்கள். உங்கள் காரின் உண்மையான கிளாஸ் எழுத்தும் பெருக்கலுக்குத் தேவைப்படும், ஆகவே மேலே சொன்ன பின்னிணைப்பு வேலை வீணாகாது.

பாக்ஸ் எண் ஒரு கிளாஸின் மிகச் சிறந்த காரை மிகச் சிறந்த ஓட்டுநர் ஓட்டினால் வரும் நேரத்தை ஒட்டியது. எஃப் ஸ்ட்ரீட்டின் சிறந்த கார் 740ஐ இல்லை. ஆகவே பாக்ஸ் பட்டியலில் நடுவில் வந்தாலே நீங்கள் நன்றாக ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். அதைவிட, அதே கிளாஸில் ஓடும் ஒரு மஸ்டாங்கைப் பிடித்துக்கொண்டு, அவருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் போட்டிக்குப் போட்டி குறைகிறதா என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். என் எல்எஸ் 400 வைத்து நான் அப்படித்தான் கற்றேன். முதல் நாள் ஏழு வினாடிக்கு மேல் பின்னால் இருந்தேன். அடுத்த ஆண்டு கடைசியில் அது இரண்டுக்குக் கீழே வந்தது. இடையில் காரில் மாற்றியது டயரும் பிரேக் பேடும் மட்டுமே.

டயருக்கு வருகிறேன், ஏனென்றால் பணம் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் அதுதான். ஸ்போர்ட் பேக்கேஜோடு வந்த 235/50, 255/45 அளவு 18 அங்குலத்தில், ஆட்டோகிராஸுக்கேற்ற 200 ரகத்தில் கிடைப்பது கடினம். அந்த வீலிலேயே 255/40, 275/35 போன்ற அளவுகள் எளிதில் அமையும். அவற்றின் மொத்த விட்டம் சிறியது. கார் சற்று தாழும், கியர் சற்று குறுகியதுபோல் ஆகும், இரண்டும் நல்லதே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: டயரின் பக்கவாட்டில் பாரக் குறியீடு என்று ஓர் எண் இருக்கும். 93 என்றால் 650 கிலோ, 97 என்றால் 730 கிலோ தாங்கும். இரண்டு டன்னை நெருங்கும் கார், திருப்பத்தில் வெளிப்பக்க முன்சக்கரத்தின் மேல் மொத்தமாகச் சாயும். சிறிய காருக்கு வாங்குவதுபோல் குறைந்த குறியீடு உள்ளதை வாங்கிவிடாதீர்கள்.

காற்றழுத்தம் சரிபார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. சாதாரண சாக்பீஸை எடுத்து டயரின் பக்கவாட்டு விளிம்பில், தரையைத் தொடும் பகுதியிலிருந்து மேல்நோக்கி மூன்று இடத்தில் கோடு போடுங்கள். ஓட்டம் முடிந்து வந்து பாருங்கள். சாக்பீஸ் பக்கவாட்டுவரை அழிந்திருந்தால் டயர் மடங்கி உருள்கிறது, காற்று போதவில்லை. ஓரத்தைத் தொடாமலே இருந்தால் காற்று அதிகம். கனமான செடானில் முன் டயருக்கு 40 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள், சாக்பீஸ் சொல்வதைக் கேட்டு ஏற்றி இறக்குங்கள்.

காரின் உடல்நிலை பற்றிக் கொஞ்சம். இந்தத் தலைமுறை 7 சீரிஸில் கூலன்ட் தொட்டி, ரேடியேட்டர் முனைகள் பிளாஸ்டிக். இருபது வருடத்துக்குப் பின் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். போகுமுன் மாற்றிவிடுங்கள். முன் சஸ்பென்ஷனின் த்ரஸ்ட் ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். அதையும் பாருங்கள். என்ஜினில் டைமிங் செயின் கைடு பிளாஸ்டிக்தான், சத்தம் வந்தால் ஓட்டாதீர்கள். பரிசோதனையில் அவர்கள் பார்ப்பது எளிய விஷயங்கள்: சக்கர நட்டுகள் இறுக்கமா, பேட்டரி அசைகிறதா, பிரேக் பெடல் கெட்டியாக இருக்கிறதா, கால் மிதியடியும் தளர்வான பொருள்களும் வெளியே எடுத்தாயிற்றா. ஸ்நெல் என்ற பாதுகாப்புத் தர முத்திரை உள்ள ஹெல்மெட் வேண்டும். பெரும்பாலான கிளப்புகள் புதியவர்களுக்கு இரவல் தருவார்கள்.

ஓட்டும்போது ஆட்டோமேட்டிக் கியரை இரண்டில் நிறுத்துங்கள். உங்கள் காரில் இரண்டாம் கியரே மணிக்கு 70 மைலைத் தாண்டும், முழுப் பாதைக்கும் அது போதும். டி நிலையில் விட்டால் திருப்பத்தின் நடுவில் கியர் மாறி, சாய்ந்து நிற்கும் காரை உலுக்கிவிடும். கார் சறுக்காமல் கட்டுப்படுத்தும் டிஎஸ்சி பொத்தானை முதல் ஓட்டத்தில் அணைக்காதீர்கள், பாதை பழகிய பிறகு அணையுங்கள். அணைத்த பின் திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரில் காலை மெதுவாக இறக்குங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் என்பதால் உள்பக்கப் பின்சக்கரம் சும்மா சுழன்று புகை விடும், கார் நகராது. இந்த மாதிரி மென்மையான ஸ்பிரிங் வைத்த கார் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்ந்து நிலைகொள்ள நேரம் எடுக்கும். அந்த நேரத்தை நீங்கள் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். மியாட்டாக்காரர் கோன் அருகே வந்து ஸ்டியரிங்கைத் திருப்புவார். நீங்கள் ஒரு கார் நீளம் முன்னதாகவே தொடங்கிவிட வேண்டும், அதுவும் நிதானமாக. அவசரமாகத் திருப்பினால் முன் டயர் கத்துமே தவிர கார் திரும்பாது.

கிளாஸ் விஷயத்தில் கடைசியாக ஒன்று. ஓரிரு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு, உங்கள் கார் தவறான கிளாஸில் வைக்கப்பட்டிருக்கிறது என்று மனதாரத் தோன்றினால், அதைச் சொல்ல வழி இருக்கிறது. எஸ்சிசிஏ உறுப்பினர் யாரும் சோலோ ஈவென்ட்ஸ் போர்டு என்ற குழுவுக்குக் கடிதம் எழுதலாம். ஸ்ட்ரீட் பிரிவுக்கென்று ஓர் ஆலோசனைக் குழு அதைப் பார்க்கிறது. முன்மொழிவுகளும் முடிவுகளும் ஃபாஸ்ட்ராக் என்ற மாத வெளியீட்டில் வரும். என் கார் மெதுவானது என்று மட்டும் எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். எடை, டயர் அகலம், வீல் அகலம், அதே கிளாஸின் மற்ற கார்களோடு ஒப்பீடு, போட்டி நேரங்கள் என்று எழுதினால் படிப்பார்கள். மேலே மியாட்டாவுக்கும் 740ஐக்கும் நான் போட்ட கணக்கைப் போல, ஒரு மஸ்டாங்குக்கும் உங்கள் காருக்கும் போட்டு வையுங்கள். கடிதம் எழுதாவிட்டாலும் காரைப் புரிந்துகொள்ள உதவும்.

இப்போதைக்கு உள்ளூர் கிளப்பின் அடுத்த போட்டியில் பெயர் கொடுங்கள். படிவத்தில் பிஎம்டபிள்யூ 740ஐ, 2001 என்று எழுதி, புதியவர் கிளாஸைத் தேர்ந்தெடுத்து, அடிப்படை கிளாஸ் கேட்கும் இடத்தில் பின்னிணைப்பில் பார்த்த எழுத்தைப் போடுங்கள். நீல நிறப் பெயின்டர் டேப் ஒரு சுருள் வாங்கிக்கொள்ளுங்கள். கார் எண்ணும் கிளாஸ் எழுத்தும் இரண்டு பக்கக் கதவிலும், தூரத்திலிருந்து படிக்கும்படி பெரிதாக ஒட்ட வேண்டும். உங்கள் கார் கறுப்பு என்றீர்கள், அப்படியானால் நீலம் தெரியாது. வெள்ளை டேப் வாங்குங்கள்.